உடைய வேண்டிய வில்

என் வில்கள் உடைவதற்குப் பேர் போனவை. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககமே சொல்லும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய மேஜையைப் போட்டு இழைப்புளி, அரம், ரம்பம் எல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். ஏன் வில் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. ஆபீஸ் போய்வந்த காலத்தில் நந்தனம் மைதானத்தில் பிள்ளைகள் அம்பு விடுவதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் இருந்தவை திருகாணியும் கம்பியும் வைத்த இரும்பு வில்கள். எனக்கு அவை பிடிக்கவில்லை. ஒரே மரத்துண்டில் செதுக்கிய வில் ஒன்றை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை பிறகு பிடிவாதம் ஆனது.

முதல் வில்லைப் பழைய தேக்குக் கட்டிலின் சட்டத்தில் செய்தேன். நாணை இழுத்ததும் டப்பென்று இரண்டானது. அடுத்தது வேம்பு, அதற்கடுத்தது வேங்கை. எல்லாமே பாதி இழுப்பில் பிளந்தன. சத்தம் கேட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். கீழே கேட்டில் இருக்கும் வாட்ச்மேன், நான் இறங்கி வரும்போது, "இன்னா சார், இன்னிக்கும் பூட்ச்சா?" என்று விசாரிப்பார். அக்கறையாகத்தான் கேட்பார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். உடைந்த துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி லிஃப்டில் கொண்டுவருவேன், யாரும் பார்க்கக் கூடாதென்று. என் மனைவி அவற்றை வாங்கி பால்கனித் தொட்டிகளில் தக்காளிச் செடிக்குக் கொம்பாக நட்டுவிடுவாள். அந்த வருஷம் எங்கள் வீட்டுத் தக்காளிச் செடிகள் ரொம்பவும் நிமிர்ந்து நின்றன.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் பங்குனியில் அடுக்ககத்தின் ஆண்டு விழாவுக்குப் பெண்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுவதென்று முடிவானது. எழுதி இயக்கியவர் எங்கள் சங்கச் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமி. கதை ஒரு சுயம்வரம். ராஜாவின் மண்டபத்தில் ஒரு பெரிய வில் இருக்கிறது. அதை எந்த இளவரசன் வளைத்து ஒடிக்கிறானோ அவனுக்கு மாலை. ராஜா வேஷம் மாமிக்கு. இளவரசன் வேஷம் என் மனைவிக்கு.

அவளுக்கு அந்த வேஷம் கிடைத்ததில் ஒரு சின்னக் கதை இருக்கிறது. கல்லூரியில் படித்தபோது அவள் நாடகத்தில் ஆண் வேஷம் கட்டியவள். குரல் கணீரென்று இருக்கும். ஒரு நாள் ஒத்திகை நடுவில் அவள் அப்பா நேரே உள்ளே வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு சரி. அதற்கப்புறம் கல்யாணம், குழந்தை, வேலை, என் அம்மாவுக்கு வைத்தியம் என்று காலம் ஓடிவிட்டது. இந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன், இப்போது அதை நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வேஷம் உறுதியான அன்று அவள் கோட்டூர்புரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு போன் பண்ணி, நாடகத்துக்கு வரவேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னாள். அவர் தொண்ணூறை நெருங்குகிறவர். காது ரொம்ப மந்தம். காது மிஷின் வாங்கிக் கொடுத்தும் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று பெட்டியிலேயே வைத்திருந்தார். கண்ணும் மங்கல். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வில் யார் செய்வது என்ற பேச்சு வந்தபோது நானும் கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தெர்மகோலில் செய்யலாம் என்றார் ஒருவர். பிளாஸ்டிக் குழாயை நடுவில் வெட்டி ஒட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். செயலாளர் மாமி என் மனைவி பக்கம் திரும்பினார்.

"எதுக்கு அலையணும்? உங்காத்துக்காரர் பண்ணிண்டுதானே இருக்கார். அவர் வில்லுன்னா கண்டிப்பா ஒடையுமோன்னோ."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. இத்தனை நாள் வெயிலில் உட்கார்ந்து இழைத்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம் இதுதானா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தெர்மகோல் வேண்டாமென்று அவளேதான் மாமியிடம் முன்பே சொல்லியிருந்தாளாம். "அப்பாவுக்கு நான் மேடையில நிக்கறதே மங்கலாத்தான் தெரியும். பேசற வசனமும் கேக்காது. ஒடையற சத்தமாவது அவருக்குக் கேக்கணும். உங்க மாடிச் சத்தம் வாட்ச்மேன் வரைக்கும் கேக்குதே, அந்த மாதிரி" என்றாள்.

ஆகட்டும் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு எண்ணம் இல்லை என்று சத்தியம் பண்ணத் தயார்.

ஆஷ் என்று ஒரு மரம் உண்டு. குளிர்தேசத்து மரம். நம் ஊருக்குக் கப்பலில் பலகையாக வந்து மேஜையும் கட்டிலும் ஆகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெளுத்துப்போன தேக்கு போல இருக்கும். அந்த ஊர்களில் வில்லுக்கு உகந்த மரங்களில் அதுவும் ஒன்று என்று ரொம்ப நாளாகப் படித்து வைத்திருந்தேன். வேளச்சேரிப் பக்கம் ஒரு மரக்கடையில் கிடைக்கும் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். உடையப் போகிற வில்லுக்கு எதற்கு ஆஷ் என்று வழியெல்லாம் ஒரு தடவைகூட என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும். மழைக்குத் தண்ணீர் ஏறும் இடம் என்பதால் பலகைகளை இடுப்புயரத்துக்கு இரும்புச் சட்டம் போட்டு மேலே அடுக்கியிருந்தார். பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. வில்லுக்குப் பலகை எடுப்பதில் பார்க்க வேண்டியது முக்கியமாக இரண்டு. ஒன்று, பலகையின் முகத்தில் ஓடும் ரேகை. அது ஒரு கோடியில் தொடங்கினால் மறுகோடி வரைக்கும் நேரே போக வேண்டும். நடுவில் சாய்ந்து ஓரம் வழியாக வெளியேறிவிட்டால் அந்த இடத்தில் பிளக்கும். இன்னொன்று, அறுத்த முனையில் தெரியும் வளையங்கள். ஆஷ் மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் பொடிப்பொடித் துளையாக ஒரு பகுதியும், கெட்டியாக ஒரு பகுதியும் இருக்கும். துளைப்பகுதி மெல்லிசாகவும் கெட்டிப்பகுதி அகலமாகவும் இருந்தால் அது பலமான மரம். வெளுப்பு, பளபளப்பு எல்லாம் மேஜை செய்கிறவர்களுக்கு.

ஒவ்வொன்றாக உருவி, முனையை எச்சில் தொட்டுத் துடைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் திரும்பி வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துக்கினு கீறீங்க? இன்னா செய்யப் போறீங்க?"

நாடகத்துக்கு வில், மேடையில் ஒடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஒடிப்பதற்கு எதற்கு இவ்வளவு பார்க்கிறேன் என்று கேட்டார். பிறகு அவரே ஓரத்தில் தள்ளி வைத்திருந்த பலகைகளில் ஒன்றை எடுத்து என் முன்னால் நிறுத்தினார். அதில் ரேகை பாதி வழியிலேயே சாய்ந்து வெளியே போயிருந்தது. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கணு. "இத்த எடுத்துக்கினு போங்க சார். சும்மாவே ஒட்ஞ்சிடும்" என்றார்.

அதுதான் சரியான பலகை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இழுத்தால் கணுவில் பிடித்து, சாய்ந்த ரேகை வழியாக, மாடி அதிரும் சத்தத்தோடு போகும். என் மனைவி கேட்டது அந்தப் பலகையில்தான் இருந்தது. என் இன்னொரு கையில் அப்போது நான் தேடி எடுத்த பலகை. இத்தனை நேரான ரேகையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கணுவோடு இருந்ததைச் சட்டத்தில் சாய்த்துவிட்டு, நல்லதைத் தோளில் தூக்கிக்கொண்டேன். பாய் பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

செய்யும் நாட்கள் முழுவதும் எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. முதலில் வில்லை வில்லாகச் செய்வோம், ஒடிவதற்கு வேண்டியதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம் என்று. வெளிப்பக்கத்தில் ஒரே வளையம் முழு நீளத்துக்கும் வரும்படி இழைத்தேன். ஆஷ் அழுத்தத்தைக் கொஞ்சம் கம்மியாகத்தான் தாங்கும் என்பதால் கைப்பிடிக்கு மேலும் கீழும் நீளும் வில்லின் இரண்டு கைகளையும் அகலமாக, தட்டையாக விட்டேன். சுவரில் ஆணி அடித்து வில்லைத் தொங்கவிட்டு, நாணில் கயிறு கட்டி இழுத்து, விறைப்பாக நிற்கும் இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும்வரை விடவில்லை. மனைவி வேலை முடிந்ததும் டீயோடு மாடிக்கு வருவாள். ஒட்டடைக் கொம்பை வில்லாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து வசனம் சொல்லிப் பழகுவாள். குரல் அப்படியே இருந்தது. ஒருநாள் வில்லை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"இவ்ளோ அழகா இருக்கே, ஒடைக்க மனசு வராது போல" என்றவள், உடனே, "ஆனா ஒடையணும், என்ன?" என்றாள்.

அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் ரம்பத்தை எடுத்தேன். வில் ஒடிய வேண்டுமென்றால் வெளிப்பக்கத்தில், வளையும்போது இழுபடுகிற பக்கத்தில், வளைகிற இடத்தில் அறுக்க வேண்டும். அங்கே விரல்நகம் ஆழத்துக்குக் கீறினாலே போதும், மீதியை மரமே பார்த்துக்கொள்ளும். ரம்பத்தை அங்கேதான் வைத்தேன். கை போகவில்லை. வில்லைத் திருப்பினேன். நடுவில் கைப்பிடி, அது தடிமனான இடம், வளையவே வளையாது. அதன் உள்பக்கத்தில் மெல்லிசாக ஒரு கோடு அறுத்து, மெழுகு பூசி, மேலே சரிகைத் துணியைச் சுற்றினேன். உள்பக்கத்தில் அறுத்தால் இழுக்கும்போது அந்த வாய் மூடிக்கொள்ளுமே தவிர பிளக்காது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், எதற்கும் ஒரு வெட்டு இருக்கிறதே, அவள் பலமாக இழுத்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுத்தாச்சா என்று அவள் கேட்டாள். ஆச்சு என்றேன்.

கார் நிறுத்துமிடத்தில் ஷாமியானா போட்டு மேடை. முன்வரிசையில் மாமனார், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கைக்குட்டை. அவர் பக்கத்தில் என் நாற்காலி. பட்டு வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டி, அட்டைக் கிரீடம் வைத்து என் மனைவி மேடைக்கு வந்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் வசனம் முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் என்னோடு ரேஷன் கடையும் காய்கறியும் பேசிய குரலா இது என்று உட்கார்ந்திருந்தேன். மாமனார் முன்பக்கம் சாய்ந்து, கையைக் காதுக்குக் குவித்து வைத்திருந்தார்.

மற்ற இளவரசர்கள் வில்லைத் தூக்க முடியாமல் விழுந்து எழுந்து போனார்கள். அவள் வந்தாள், எடுத்தாள், நாணைப் பிடித்து இழுத்தாள். வில் வளைந்தது. மேலும் இழுத்தாள், மேலும் வளைந்தது. மேல்கையும் கீழ்க்கையும் ஒரே அளவு, நடுவில் எங்கேயும் ஒரு கூன் கிடையாது. நான் எத்தனை வில் ஒடித்து, எத்தனை நாள் கனவு கண்ட வளைவு அது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் வில்லை விட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீடம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நாணைத் தளர்த்தி, மறுபடி இழுத்தாள். பிறகு நடுப்பிடியை முழங்காலில் வைத்து, இரண்டு முனையையும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். வில் வளைந்து கொடுத்தது, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. முதலில் பின்வரிசையில்தான் சிரிப்பு எழுந்தது. அப்புறம் எல்லோரும். "விடாதீங்க மாமி" என்று யாரோ கத்தினார்கள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எழுந்து மேடைக்குப் போயிருக்கலாம். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ராஜாவாக இருந்த செயலாளர் மாமிதான் சமாளித்தார். வளைத்ததே போதும், இதைவிட வீரம் வேண்டாம் என்று ஏதோ ஒரு வசனத்தைச் சேர்த்து, மாலையைப் போடச் சொல்லிவிட்டார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. நாடகத்துக்கான கைதட்டல் இல்லை அது, வேடிக்கைக்கான கைதட்டல்.

முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம். வில்லை வாங்கி வளைத்துப் பார்த்தார்கள், என்ன மரம் என்று விசாரித்தார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து, "சார், கடசீல ஒட்யாம ஒண்ணு செஞ்சிட்டீங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்ட பாராட்டு அது. எங்கேயாவது ஓடிப் போய்விடலாமா என்று இருந்தது.

மனைவி முகத்தில் சாயம் கலைய, நொண்டிக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் கையில் இருந்த வில்லைப் பார்த்தாள். சரிகைத் துணி அவிழ்ந்து தொங்கியது. உள்பக்கத்து வெட்டு வெளியே தெரிந்தது. என்னோடு அந்த மாடியில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பக்கம் அறுத்தால் ஒடியும் என்று அவளுக்கும் தெரியும்.

"உங்க வில்லு ஒடையக் கூடாது. அவ்ளோதானே?" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். பிறகு, "பின்னாடி வச்சுக்குங்க. அப்பா வரார்" என்றாள்.

மாமனார் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒடஞ்சுதாம்மா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார்.

அவள் அவர் காதருகே குனிந்து, "ஒடஞ்சுதுப்பா. பெரிய சத்தம்" என்றாள்.

"அப்ப என் காதுதான் சுத்தமாப் போயிடுச்சு" என்றார் அவர். நான் வில்லை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு இந்த வருஷ விழாவும் வந்து போய்விட்டது. அதிலும் ஒரு நாடகம் உண்டு, இளவரசன் வேஷம் வேறொருவருக்குப் போனது. அவள் கேட்கவும் இல்லை. முழங்காலில் விழுந்த கறுப்பு மறைய ரொம்ப நாள் ஆனது. மாடி மேஜையை நான் எடுத்துவிட்டேன். அந்த வில் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் கிடக்கிறது. அதை இனி அறுத்துப் போட்டாலும் யாருக்கு என்ன.

மாமனார் மட்டும் மாறிவிட்டார். இத்தனை வருஷம் வேண்டாம் என்றவர், நாடகம் முடிந்த மறுநாளே காது மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாராம். கோட்டூர்புரம் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுக் காட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் காட்டினார்.

"இப்ப எல்லாம் கேக்குது மாப்ளே. அடுத்த தடவை அவ நாடகம் போடும்போதும் நீங்களே வில்லு செஞ்சு குடுங்க. அதே மாதிரி ஒடையணும்" என்றார்.

சரி மாமா என்றேன். என் மனைவி அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.